இரண்டு 'லா'க்கள்

ஆங்கிலத்தில் 'லா' என்றால் சட்டம். ஸ்காட்லாந்து மக்களின் பேச்சிலோ, 'லா' என்றால் குன்று. எடின்பரோவுக்குக் கிழக்கே, கடலோரத்து நார்த் பெரிக் நகரைப் பார்த்தபடி நிற்கிறது அத்தகைய 'லா' ஒன்று. உயரம் 187 மீட்டர்தான்! முதியோரும் ஏறுவர், சிறுவரும் ஏறுவர். ஒரு கோடை விடுமுறையில் நாமும் ஏறினோம். உச்சியிலே திமிங்கிலத் தாடையெலும்பு வளைவு. 1709 முதல் அங்கு நின்ற மெய்யான எலும்பு இற்றுப்போகவே, 2005-இல் அகற்றினர். 2008 முதல் நிற்பது கண்ணாடியிழையாலான வளைவு. கடலிலே பாஸ் பாறை, பறவைக் கூட்டத்தால் வெளுத்துக் கிடந்தது. கீழே, துறைமுகத்தின் அருகே, பழைய தேவாலயத்தின் எச்சம். நம் உள்ளத்தை உலுக்கியது அந்த எச்சமே!

1589-இல், மன்னர் ஆறாம் ஜேம்சின் துணைவியாகக் கப்பலேறினார் டென்மார்க் இளவரசி ஆன். புயல் மறித்தது, கப்பல் நார்வேயில் ஒதுங்கியது. மன்னரே சென்று, 1590-இல் அழைத்து வந்தார். வடகடலில் புயல் வீசுவது புதுமையா? இல்லை! ஆயினும், 'ஏவியது யார்?' என்று கேட்டனர் பெரிய மனிதர்.

கீலிஸ் டங்கன் என்றொரு வேலைக்காரப் பெண். நோய் தீர்க்கும் திறன் பெற்றவள். ஏழைக்கு ஏது இத்திறன், சாத்தான் தந்ததன்றோ என்றனர், விரல்களை நசுக்கினர், வலி தாளாமல் பிறர் பெயர்களைச் சொன்னாள். ஆக்னஸ் சாம்சன் என்ற மருத்துவச்சியை மன்னரே விசாரித்தார். அந்தத் தேவாலயத்திலே சாத்தானோடு கூடினோம் என்று சொல்லவைத்தனர். 1591 சனவரியில் கழுத்தை நெரித்து, எரித்தனர்.

மன்னர் கல்லாதவரா? அல்லர்! இலத்தீன் கற்றவர், அன்று அவருக்கு வயது இருபத்து நான்கு, நம்மையொத்த இளைஞர். 1597-இல், சூனியம் உண்டென்று வாதாடி நூலும் வெளியிட்டார். 1563-இல் பிறந்த சூனியச் சட்டம் 1736-இல்தான் மடிந்தது. அதற்குள் மாண்டவர் ஏறத்தாழ 2,500 பேர் என்பது ஆய்வாளர் கணிப்பு, பெரும்பாலோர் பெண்கள்.

பள்ளியிலே பாடம் நடத்தும் நமக்கு முள்ளாய்த் தைப்பது இதுவே. படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு. மூடத்தனம் குடியிருக்கும் மூளையிலே கல்வி புகுந்தால், அது மூடத்தனத்துக்கு வழக்கறிஞராகிவிடும்!

அதே நாடுதான் ஜேம்ஸ் ஹட்டனையும் ஈன்றது. பூமியின் உள்வெப்பத்தில் உருகி மேலெழுந்து இறுகிய பாறைகள் உண்டு என்பதை 18-ஆம் நூற்றாண்டில் சான்றோடு நிறுவினார் அவர். இக்குன்றும் அவ்வாறு பிறந்ததே. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட எரிமலையின் தொண்டைக் குழியில் இறுகிய பாறை இது. மன்னர் விரலை நசுக்கிக் கேட்டார், தாம் விரும்பிய விடை கிடைத்தது. ஹட்டன் பாறையைக் கேட்டார், உண்மை விடை கிடைத்தது.

2022 மார்ச் 8 அன்று, அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். நன்று! ஆனால், வெந்தவர் மீள்வரோ? தோழரே, மன்னிப்புக்கு நானூறு ஆண்டு காத்திருக்க வேண்டாம். வகுப்பறையிலே ஒரு சிறுமி எழுந்து, "அதற்குச் சான்று என்ன, ஐயா?" என்று கேட்டால், 'உட்கார்' என்று அதட்டாதீர். சான்று கேட்கும் அந்தத் துணிவு மன்னரின் அவையிலே ஒருவருக்கேனும் இருந்திருந்தால், ஆக்னஸ் வீடு திரும்பியிருப்பாள்!