சாவோ பவுலோ செல்லும் சகோதரிகளுக்கு

உலகிலேயே ஹலால் கோழி இறைச்சியை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். அதனால் சாவோ பவுலோ நகரில் எந்தக் கடையிலும் நம்பிச் சாப்பிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரிகளே! ஏற்றுமதிக்கு அறுப்பது வேறு. தெருமுனைக் கடையில் விற்பது வேறு. அங்கே தங்கியிருந்த நாட்களில் நான் தெரிந்துகொண்டது இது.

அந்நாட்டின் பேர்போன உணவான பெய்ஜுவாடா, கறுப்பு அவரையுடன் பன்றி இறைச்சி சேர்த்துச் சமைப்பது. சாதாரண அவரைக் கறியிலும், வறுத்த மரவள்ளி மாவிலும்கூட அது கலந்திருக்கலாம். 'இறைச்சி வேண்டாம்' என்றால் போதாது. 'கார்னி' என்ற சொல்லை அவர்கள் பெரும்பாலும் மாட்டிறைச்சி என்றே விளங்கிக்கொள்வர். 'போர்கு', 'பிரெசுந்து', 'பேக்கன்' மூன்றும் பன்றியே. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விசாரியுங்கள். சந்தேகமென்றால் பழமும் முட்டையும் போதும்.

கம்புசிப் பகுதியில் பிரேசில் பள்ளிவாசல் இருக்கிறது. லெபனான் வழிவந்த முஸ்லிம்கள் பிராஸ் பகுதியில் வசிக்கின்றனர். ஹலால் கடைகளை அவர்களிடமே கேட்டறியலாம்.

நம் நாட்டில் மேற்கு நோக்கித் தொழுகிறோம். அங்கே கிப்லா கிழக்கில், சற்று வடக்குச் சாய்வாக. ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். கம்பளி உடை அவசியம். வீதியில் கைத்தொலைபேசியை வெளியே எடுக்காதீர்கள், பறித்தோடுவோர் உண்டு.

தூர தேசத்தில் ஹலாலைத் தேடி நடக்கும் ஒவ்வோர் அடியும் வீண்போகாது. வல்ல அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்குவானாக!