நெய் இல்லாத பொங்கலும் மாசி மாதத்துப் பயறும்

தஞ்சாவூர்ச் சீமைக்குத் தை மாதம்தான் அழகு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மாசியில் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து, வெறும் தாள்தானே நிற்கும் என்று நினைத்தால், அந்தத் தாளுக்கு நடுவிலே கரும்பச்சையாக ஜமுக்காளம் விரித்த மாதிரி இன்னொரு பயிர் நிற்கும். அதுதான் பயறும் உளுந்தும். அரிசியும் பருப்பும் ஒரே வயலில், ஒன்றன் பின் ஒன்றாக விளைகிற ஊர் எங்கள் ஊர்.

போன மாசியில் மயிலாடுதுறையிலிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருப்புகலூர் வழியாகத் திருக்கண்ணபுரம் போயிருந்தோம். நான், என் நாத்தனார், அவள் மகள், அவளுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்கே இரவு நிவேதனமான 'முனையதரையன் பொங்கல்' ரொம்பப் பிரசித்தம். முனையதரையர் என்ற அடியவர் இருப்பதையெல்லாம் பெருமாளுக்கே செலவழித்துவிட்டாராம். ஒரு நாள் நள்ளிரவில் அவர் வீட்டில் செய்த எளிய பொங்கலை மனசாலேயே பெருமாளுக்குப் படைக்க, விடிந்து பார்த்தால் சந்நிதியில் அந்தப் பொங்கல் இருந்ததாம். பச்சரிசி, பாசிப்பருப்பு, நெய், அவ்வளவுதான் பொங்கல்.

அந்த நெய்தான் எங்களுக்குச் சங்கடம். குழந்தைக்குப் பசும்பால் ஒவ்வாமை. பால் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துப் போய், மூச்சு வாங்கும். நெய்யிலும் பாலின் புரதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதனால் அதுவும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். (சிலருக்குப் பாலிலுள்ள சர்க்கரைதான் ஜீரணமாகாது. வயிறு உப்பும், பேதியாகும். அவர்களில் பலருக்கு நெய் ஒத்துக்கொள்ளும். இரண்டும் வேறு வேறு. எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) பக்கத்திலிருந்தவர் பிரசாதத்தை நீட்ட, குழந்தை ஆசையாகக் கையை நீட்டியது. நாத்தனார் மகள் சட்டென்று அதைத் தூக்கிக்கொண்டு பிராகாரத்துக்குப் போய்விட்டாள். "நாளைக்கு இவ பள்ளிக்கூடம் போனா, எத்தனை இடத்துலே இப்படித் தூக்கிட்டு ஓடுறது அத்தை?" என்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

பதில் மறுநாள் வழியில் கிடைத்தது. ஒரு வயலோரம் களை பறித்துவிட்டு வயசான அம்மா ஒருத்தர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பயறு எப்படி விதைத்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்தேன். நெல் அறுக்கப் பத்து நாளைக்கு முன்னாலேயே, நிற்கிற கதிருக்குள்ளே விதையைத் தூவி விடுகிறார்கள். ஏக்கருக்குப் பத்து கிலோ போல. உழவு கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும், ராத்திரிப் பனியும்தான் அதற்குத் தண்ணீர். எழுபது நாளில் காய்த்துவிடும். வேரிலுள்ள முண்டுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தை இழுத்து மண்ணுக்கும் கொடுக்கும்.

"இப்ப மிஷின் அறுவடைம்மா. சக்கரம் ஏறி முளையெல்லாம் நசுங்கிப் போவுது. மேட்டூர்த் தண்ணி லேட்டா வந்தா சம்பாவும் லேட்டு, அப்புறம் பயறுக்கு ஈரம் எங்கே இருக்கும்?" என்றார். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அது தள்ளிப்போனால் இந்தப் பயறு வரைக்கும் இடிக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

குழந்தையின் கதையைச் சொன்னதும் அவர் சிரித்தார். "நாங்க எப்பம்மா நெய் ஊத்தினோம்? அரிசியும் பயறும் போட்டுக் குழைய வேகவெச்சு, உப்பைப் போட்டுக் குடிப்போம். பயறு வெந்த வாசனையே போதுமே!"

யோசித்துப் பார்த்தால் உண்மைதானே! பால், தயிர், நெய், தேன் எதுவும் சேர்க்காத சாப்பாட்டுக்கு 'வீகன்' என்று இங்கிலாந்தில் 1944-ல்தான் பேர் வைத்தார்கள். நாற்று நட்ட கைகள் அதற்கு வெகு காலம் முன்பே, வேறு வழியில்லாமல், அதைத்தான் சாப்பிட்டிருக்கின்றன. கடல் தாண்டி கோஸ்டாரிகா, நிகராகுவா நாடுகளிலும் சோறும் பயறும் கலந்த 'காயோ பின்டோ'தான் காலைச் சாப்பாடு. அரிசியில் குறைகிற புரதக் கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. அதனால்தான் எல்லா ஊரிலும் இந்த ஜோடி.

வீட்டுக்கு வந்து செய்யப் போனால், "நெய் விடாம பொங்கலா? தொண்டையிலே இறங்குமா?" என்றார் என் மாமியார். நெய் செய்கிற வேலையை நல்லெண்ணெயும் பக்குவமும் சேர்ந்து செய்யும். எப்படி என்கிறீர்களா?

தேவையானவை: பச்சரிசி 1 டம்ளர், பாசிப்பருப்பு ½ டம்ளர், தண்ணீர் 6 டம்ளர், நல்லெண்ணெய் 4 மேஜைக்கரண்டி, மிளகு, சீரகம் தலா 1 தேக்கரண்டி, இஞ்சி ஒரு துண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு. முந்திரி ஒத்துக்கொண்டால் பத்து.

செய்முறை: பருப்பை எண்ணெய் விடாமல் வாசனை வர லேசாக வறுக்கவும். சிவக்கக் கூடாது. அரிசியைக் களைந்து அரை மணி ஊறவிட்டு, பருப்பு, 5 டம்ளர் தண்ணீர், உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில் விடவும். மீதி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொள்ளவும். திறந்த சூட்டோடு அதை விட்டுக் கரண்டியால் நன்றாக மசிக்கவும். வழவழப்பு இந்த மசிப்பில்தான் வருகிறது. மீதி எண்ணெயில் முந்திரி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம், இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மூடிவைக்கவும். ஆறினால் இறுகும். பரிமாறும்போது வெந்நீர் தெளித்துக் கிளறினால் போதும். கத்தரிக்காய் கொத்சு பொருத்தம்.

சர்க்கரைப் பொங்கலுக்கு இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, வெல்லப்பாகு சேர்த்து, முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள். கொதித்தால் திரிந்துவிடும்.

மாமியார் ஒரு வாய் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை தட்டை நீட்டினார்!

இளம் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. எள், முந்திரிகூடச் சில குழந்தைகளுக்கு ஒவ்வாது. ஆகையால் புதுசாக ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, கீரை உண்டு. பி12 சத்துக்கு டாக்டரைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்திலும் உறவு வீட்டிலும் "எங்கள் குழந்தைக்கு நெய்கூட ஆகாது" என்று கூசாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோயில் பொங்கல் கோயில் முறைப்படியே இருக்கட்டும். நம் வீட்டுப் பானையில் மட்டும், எல்லாக் குழந்தையும் கை நீட்டிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு பொங்கல் இருக்கட்டுமே!