சிராங்கூன் சாலையில் ஒரு சால்னா தேடல்

வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டியில் சனிக்கிழமை சாயங்காலத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. பட்டாசு ஆபீஸ்களில் வாரச் சம்பளம் கைக்கு வரும் நாள் அது. வீடு திரும்பும் அப்பாவின் கையில் பரோட்டா பார்சல் இருந்தால் பிள்ளைகளுக்குத் திருவிழாதான். விருதுநகர்ப் பக்கத்துப் பரோட்டாவை எண்ணெயிலேயே மொறுமொறுவெனப் பொரித்தெடுப்பார்கள். பிய்த்துப் போட்டு, மூழ்க மூழ்க சால்னா ஊற்றி, கொஞ்சம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும்.

இந்த நாக்கோடு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஒரு கரிசக்காட்டு இளைஞரை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு விடுமுறை கிடைத்ததும் கால்கள் தானாக லிட்டில் இந்தியாவுக்குப் போகும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழர்கள் அன்றைக்கு அங்கேதான் கூடுவார்கள்.

அங்கே சைவத்துக்குப் பஞ்சமில்லை. ஆனந்த பவன் 1924-லிருந்தும், சிராங்கூன் சாலை கோமள விலாஸ் 1947-லிருந்தும் தோசை வார்க்கின்றன. அவருக்கு வேண்டியதோ பரோட்டா.

பக்கத்திலேயே தேக்கா நிலையம். கீழ்த்தளத்தில் வரிசையாக உணவுக் கடைகள். பரோட்டாவுக்கு அங்கே பெயர் ‘பிராட்டா’. எதுவும் சேர்க்காத வெறும் பிராட்டா வேண்டுமென்றால் ‘கோசோங்’ என்று கேட்க வேண்டும். மலாய் மொழியில் ‘காலி’ என்று அர்த்தம். ருசி நன்றாகத்தான் இருக்கும். ஆனால், குழம்பு சின்னக் கிண்ணத்தில் தனியாக வரும். தொட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஊற்றி ஊறவைத்துத் தின்றவருக்கு அங்கேதான் மனசு இடறும்.

பிறகுதான் குறுக்குத் தெருக்களில் தேடல் தொடங்கும். மதுரை, செட்டிநாடு என்று பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. வேலை உடுப்போடு நாலு பேர் தலை குனிந்து சாப்பிடுகிறார்களா, கேட்காமலே சால்னா வாளி இலைப் பக்கம் வருகிறதா, “இன்னும் கொஞ்சம் ஊத்தவா தம்பி?” என்று ஒரு குரல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியொரு கடை அகப்பட்டால், அடுத்த ஞாயிறிலிருந்து அதுதான் அவருக்கு ஊர்.

சாப்பிட்ட கையோடு வீட்டுக்கு போன். சிங்கப்பூரில் இரவு ஏழு மணி என்றால் தாயில்பட்டியில் நாலரை. “சாப்பிட்டியாப்பா?” என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. வாரமெல்லாம் மருந்துக்கு நடுவே வேலை பார்க்கும் அம்மாவிடம் அவர் கேட்க நினைப்பது வேறு. ஆனாலும், “பரோட்டாம்மா, நம்மூர் மாதிரியே” என்று சொல்லிவிடுவார். அந்தப் பதிலில் அம்மாவுக்கு ஒரு வாரம் ஓடும்.

ஒரே ஒரு குறை உண்டு. ஊரில் சம்பள நாள் பரோட்டா என்பது வீட்டுக்கு வாங்கிப் போவது. இங்கே வாசலில் காத்திருக்கப் பிள்ளைகள் இல்லை. அதனால்தானோ என்னவோ, கிளம்பும்போது அவர் கையில் ஒரு பார்சல் இருக்கும். ஞாயிறும் வேலைக்குப் போன அறைத் தோழருக்கு நாலு பரோட்டா. சால்னா மட்டும் கூடுதலாக!