டேங்க் மேல் கிடந்த தாள்

மிச்சிகன் மாநிலத்தின் ஓக்லண்ட் கவுண்டியில் வக்கீல் தொழில் செய்பவரிடம் கார் வழக்குகள் வந்துகொண்டேதான் இருக்கும். டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் கம்பெனிகளால் வாழ்ந்த ஊர்கள் இவை. நான் நடத்தியவற்றில் இன்றும் என்னை விடாத வழக்கு, 1970ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவல் ஒன்றைப் பற்றியது. உண்மையைக் கண்டுபிடிக்கக் காரைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியதாலேயே அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை கைநழுவிப் போனது.

கட்சிக்காரர் ஃப்ளின்ட் நகர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளைஞராக லைனில் நின்றபோது ஷெவல் கார்கள் அவர் கண்முன்னே வரிசையாகப் போயின. வாங்க அப்போது வசதியில்லை. பிள்ளைகள் தலையெடுத்து, வீட்டுக்கடன் அடைந்து, மனைவியும் சம்மதித்த பிறகுதான் தேட ஆரம்பித்தார். விற்பனைக்கு வந்த அந்தக் காரின் அடையாள எண்ணில் ஃப்ளின்ட்டைக் குறிக்கும் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தது. பாதி முடிவை அந்த எழுத்தே எடுத்துவிட்டது என்பது என் ஊகம்.

அந்தக் காருக்கு ஏன் அவ்வளவு விலை என்பதைச் சொல்லியாக வேண்டும். நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு வரம்பு வைத்திருந்தது. 1970 மாடலுக்கு அதை விலக்கிக்கொண்டது. உடனே ஷெவர்லே 454 கன அங்குல வி8 இஞ்சினை, நம் கணக்கில் சுமார் 7.4 லிட்டர், ஷெவலில் இறக்கியது. அதிலும் எல்எஸ்6 என்ற வகைக்குக் கம்பெனி சொன்ன திறன் 450 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே, ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் தன் இஞ்சின்களின் கம்ப்ரெஷனைக் குறைத்துவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இந்த வகைக் கார்களுக்குப் பிரீமியத்தை ஏற்றிவிட்டிருந்தன. ஆக 1970 எல்எஸ்6 என்பது ஓர் உச்சி. சேகரிப்பவர்கள் அந்த உச்சிக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். ஷெவலின் அடையாள எண்ணைப் படித்தால் அது வி8 இஞ்சின் போட்ட, இரண்டு கதவு மாலிபு வகை என்ற அளவுக்குத்தான் தெரியும். ‘எஸ்எஸ்’ என்பது அந்த ஆண்டில் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் ஒரு தொகுப்பு. எண்ணில் அதற்கு அடையாளம் கிடையாது. பான்டியாக் கார் என்றால் ஆலைப் பதிவின் நகலை இன்றும் பணம் கட்டி வாங்கலாம். அமெரிக்காவில் செய்த அந்தக் கால ஷெவர்லேக்கு அந்த வழியில்லை. சாதாரண மாலிபு ஒன்றை வாங்கி, பானெட்டை மாற்றி, கோடு அடித்து, ‘எஸ்எஸ்’ சின்னம் பதித்து, எங்கிருந்தோ கிடைத்த 454ஐ வைத்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இதை ‘க்ளோன்’ என்கிறார்கள். க்ளோன் என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. நல்ல க்ளோனுக்கு நல்ல விலையும் உண்டு.

என் கட்சிக்காரரிடம் அப்படிச் சொல்லப்படவில்லை. பழைய கார் வியாபாரி ஒருவர் விளம்பரத்தில் ‘நம்பர்ஸ் மேட்சிங்’, அதாவது எண்கள் பொருந்துகின்றன, என்று போட்டிருந்தார். பில்லில் ‘ஒரிஜினல் எல்எஸ்6 இஞ்சின்’ என்று எழுதி, கீழே தடித்த எழுத்தில் ‘உள்ளது உள்ளபடியே விற்கப்பட்டது’ என்றும் அச்சடித்திருந்தார். விலை 88,000 டாலர்.

கார் நேராகப் புதுப்பிக்கும் ஒர்க்ஷாப்புக்குப் போனது. இஞ்சினை இறக்கினார்கள், உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றினார்கள், துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். டிக்கித் தரைக்கு வந்தபோது பெட்ரோல் டேங்கை இறக்க வேண்டியிருந்தது. டேங்கின் மேல் ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆலையில் ஒவ்வொரு காருக்கும் என்னென்ன பாகம் மாட்ட வேண்டும் என்று லைனில் நிற்பவர்களுக்குச் சொல்லும் தாள் அது. வேலை முடிந்ததும் சிலவற்றைத் தூக்கிப் போட்டார்கள். சில இருக்கை ஸ்பிரிங்குக்குள்ளும் டேங்க் மேலும் தங்கிவிட்டன. இந்தத் தாளின் ஓரத்தை எலி தின்றிருந்தது, நடுவில் எண்ணெய்க் கறை. ஆனால் அடையாள எண் தெளிவாக இருந்தது, அதே கார்தான். இஞ்சின் கட்டத்தில் இருந்தது 350, 454 அல்ல.

அன்று மாலை கட்சிக்காரர் எனக்குப் போன் செய்தார். நான் ஒர்க்ஷாப்காரருக்கு முதலில் சொன்னது, வேலையை நிறுத்துங்கள், இஞ்சின் பிளாக்கின் முன்புறத்தில் எண் பொறித்த அந்தச் சிறு தளத்தைத் துணியால்கூடத் துடைக்காதீர்கள் என்பதுதான். வழக்கின் உயிர் அந்தத் தளத்தில்தான் இருந்தது.

நிபுணர் வந்து விளக்கைச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாக எனக்குக் காட்டினார். ‘டி’ என்று தொடங்கியது. டோனவாண்டா இஞ்சின் ஆலையின் எழுத்து. பிறகு மாதமும் தேதியும். பிறகு ‘சிஆர்வி’, கைகியர் எல்எஸ்6க்கான குறி. பக்கத்தில் காரின் அடையாள எண்ணின் கடைசி இலக்கங்கள். படிக்கும்போது எல்லாம் சரிதான். ஆலையில் பிளாக்கைச் சீவும் இயந்திரம் அந்தத் தளத்தில் மெல்லிய நேர்கோடுகளை விட்டுச்செல்லும். அதற்குப் பிறகுதான் எண்ணை அடிப்பார்கள். அடித்த இடத்தில் உலோகம் பிதுங்கி, எழுத்தைச் சுற்றிச் சின்ன மேடு நிற்கும். இங்கே கோடுகள் அந்த மேட்டின் மேலேயே ஓடின. எண்ணை அடித்த பிறகு யாரோ உப்புத்தாளை வைத்துக் கோடு இழுத்திருக்கிறார்கள். விரல் நகம் அளவு இடத்தில் ஒரு மனிதரின் சேமிப்பு போயிருந்தது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கட்சிக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: “காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்க முடியாதா?” ஏற்றுக்கொண்ட பொருளைத் திருப்பிக் கொடுக்க வணிகச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பொருளின் நிலை கணிசமாக மாறுவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும். மாற்றம் பொருளின் சொந்தக் குறையால் வந்திருந்தால் மட்டும் விலக்கு. தரையை வெட்டி, பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருந்த காரை நிலை மாறாதது என்று எந்த நீதிபதியிடமும் நான் வாதாட முடியாது. வெட்டாமல் இருந்தால் டேங்கை இறக்கியிருக்க மாட்டார்கள். இறக்காவிட்டால் தாள் கிடைத்திருக்காது. அவரிடம் இதைச் சொல்வதுதான் அந்த வழக்கில் எனக்குக் கடினமான வேலை.

மிஞ்சிய வழி இழப்பீடு. குறை தெரிந்தவுடன் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் அதுவும் போய்விடும் என்பதால், அந்த வாரமே எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பினேன். பிறகு பான்டியாக் நகரில் இருக்கும் கவுண்டி சர்க்யூட் கோர்ட்டில் பிராது.

எதிர்த்தரப்பு இரண்டு அரண்களை நம்பியது. ஒன்று, ‘உள்ளது உள்ளபடியே’. அந்தச் சொற்கள் சட்டம் தானாகத் தரும் மறைமுக உத்தரவாதங்களைத்தான் நீக்கும். விற்றவர் வாய்திறந்து, பில்லில் எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தை அதே பில்லின் கடைசி வரி அழிக்க முடியாது. இரண்டாவது வாதம் சாமர்த்தியமானது. ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்றால் பிளாக்கின் வார்ப்பு எண்ணும் தேதியும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகின்றன என்றுதான் அர்த்தம் என்றார் வியாபாரி. வார்ப்பு எண் 3963512. அது பொருந்தத்தான் செய்தது. அந்த ஆண்டின் சாதாரண 454 பிளாக்கிலும் அதே எண்தான் இருக்கும் என்பதை அவரே சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார். அப்புறம் பில்லை அவர் முன் வைத்தேன். “இங்கே ‘ஒரிஜினல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தக் காரோடு ஆலையிலிருந்து வந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன பொருள்?” தனக்கு விற்றவரை நம்பித்தான் எழுதினேன் என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த எண்ணை அடித்த கை வேறொருவருடையதாக இருக்கலாம். ஆனால் உத்தரவாதத்தை மீறியதற்கு ஏமாற்றும் எண்ணம் தேவையில்லை. சொன்னது பொருளில் இல்லை என்றால் போதும். இந்தச் சட்டத்தில் நான் மனமார மதிக்கும் பகுதி இதுதான். இல்லாவிட்டால் கை மாறி வந்த ஒவ்வொரு பொய்யும் கடைசியாக வாங்கியவர் தலையில் விடியும்.

எவ்வளவு இழப்பு என்பதில்தான் உண்மையான சண்டை. கொடுத்த விலையிலிருந்து கழிப்பதல்ல கணக்கு. ஏற்றுக்கொண்ட நாளில், சொன்னபடி இருந்திருந்தால் என்ன மதிப்பு, இருந்தபடி என்ன மதிப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அசல் எல்எஸ்6 அந்த நிலையில் 1,05,000 டாலர் பெறும் என்றார் எங்கள் மதிப்பீட்டாளர், க்ளோனாக 45,000. இந்த மாநிலத்திலேயே டிராவர்ஸ் சிட்டியில் இருக்கும் ஹேகர்டி நிறுவனம் பழைய கார்களை நிலைவாரியாக ஒன்றிலிருந்து நான்குவரை பிரித்து விலை வெளியிடுகிறது. துருப்பிடித்த தரையைக் காட்டி, இது நான்காம் நிலை, அசலாக இருந்தாலும் அவ்வளவு பெறாது என்றது எதிர்த்தரப்பு. விற்கும்போது ‘துருவே இல்லை’ என்று புகழ்ந்த அதே காரை. ஒர்க்ஷாப் செலவையும் கேட்டோம். தரையை எந்தக் காராக இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் அதில் எங்கள் கை தாழ்ந்தே இருந்தது.

மிச்சிகனில் இப்படிப்பட்ட வழக்குகளை விசாரணைக்கு முன் மூன்று வக்கீல்கள் கொண்ட குழுவுக்கு அனுப்பும் முறை உண்டு. அவர்கள் ஒரு தொகை சொல்வார்கள். ஏற்கவோ மறுக்கவோ 28 நாள். எலி தின்ற தாளையும் பெரிதாக்கிய படங்களையும் வைத்தேன். 52,000 டாலர் என்றார்கள். இரு தரப்பும் ஏற்றோம். அவரவர் வக்கீல் செலவு அவரவருக்கு என்பது அமெரிக்க வழக்கம். என் கட்டணமும் நிபுணர்களின் கட்டணமும் போகக் கட்சிக்காரர் கையில் நின்றது அதைவிடக் குறைவு.

கார் அவரிடமே இருந்தது. ஒர்க்ஷாப்காரர், “454ஐயே போட்டு நல்ல க்ளோனாக முடித்துவிடலாம், விலையும் வரும்” என்றார். கட்சிக்காரர் ஒப்பவில்லை. அந்த பிளாக்கைப் பொய் எண்ணோடு இன்னொருவர் காருக்குள் போக விட மாட்டேன் என்று தன் கராஜிலேயே வைத்துக்கொண்டார். தாளில் இருந்தபடி, அந்தத் தேதிக்குப் பொருந்தும் ஃப்ளின்ட் 350 ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். மாட்டிய இஞ்சின் இந்தக் காரோடு பிறந்ததல்ல என்று காரின் கோப்பில் தன் கையெழுத்திலேயே எழுதி வைத்தார்.