‘இல்’ படுத்தும் பாடு

இங்கிலீஷில் உள்ள பெரிய சொற்களைக் கண்டு நம் பிள்ளைகள் அஞ்சுவதாக நாம் கண்டதில்லை. பதினைந்து எழுத்துள்ள சொல்லானாலும் நெட்டுருப் போட்டு ஒப்பித்து விடுவார்கள். அவர்களைக் கதிகலங்க வைப்பவை இரண்டெழுத்துச் சொற்கள்தாம். ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்னும் இந்த மூன்று குட்டிப் பேர்வழிகளும் சேர்ந்து தென்காசி வட்டாரத்துப் பரீட்சைத் தாள்களில் செய்யும் அட்டகாசத்தைக் குற்றாலத்துக் குரங்குகள் கூடச் செய்வதில்லை.

காரணம் என்ன? தென்காசியில் வசிக்கிறோம், பஸ் நிலையத்தில் காத்திருக்கிறோம், குற்றாலத்துக்குப் போய்ப் பாறையில் உட்காருகிறோம், அருவியில் நீராடுகிறோம். நமக்கு எல்லாம் ஒரே ‘இல்’. இங்கிலீஷ்காரருக்கோ முதலாவது ‘இன்’, இரண்டாவது ‘அட்’, மூன்றாவது ‘ஆன்’. நான்காவது இம்மூன்றில் ஒன்றும் அன்று. தலைக்கு மேலிருந்து தண்ணீர் விழுவதால் ‘அண்டர்’ என்பார்! நம் மாணாக்கனோ, ‘இல்’ என்றால் ‘இன்’ என்று ஒரு சூத்திரம் செய்துகொண்டு நான்கு இடத்திலும் அதையே போட்டு, பாறையைப் பிளந்து அதற்குள்ளே போய் உட்கார்ந்து விடுகிறான்.

இதைக் கண்ட பெற்றோர் சிலர், “தமிழிலேயே நினைப்பதால் வந்த வினை இது” என்று முடிவு கட்டி, வீட்டிலும் பிள்ளை தமிழ் பேசக் கூடாது என்று சட்டம் போடுகிறார்கள். இருபது வருஷம் வகுப்பறையில் நின்ற பிறகு நமக்கு ஏற்பட்டுள்ள அபிப்பிராயம் இதற்கு நேர் மாறானது. தமிழ் இலக்கணத்தைச் சரியாகப் படிக்காததனால் வந்த வினை இது.

ஏழாம் வேற்றுமை இடப்பொருளைக் குறிப்பது. அதற்கு உருபுகள் எத்தனை? நன்னூலார் 28 என்று எண்ணிச் சொல்லுகிறார். உள், மேல், கீழ், முன், பின், இடை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ‘இல்’ அவற்றுள் ஒன்று. ஆற்றில் என்றால் ஆற்றினுள். பாறையில் என்றால் பாறையின் மேல். அருவியில் என்றால் அருவியின் கீழ். இங்கிலீஷ் பிரித்துக் காட்டும் வேறுபாடுகளை நம்மவர் அறியாதவர் அல்லர். ‘இல்’ என்று வாயால் சொல்லும்போதே மனத்தில் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தென்காசிக் கோயிலையே எடுத்துக் கொள்வோம். அது 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியனால் கட்டப்பட்டது, கல்லால் கட்டப்பட்டது, அதன் சிற்பங்கள் உளியால் செதுக்கப்பட்டவை. மூன்றிலும் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’. இங்கிலீஷில் பாண்டியனுக்கு ‘பை’, கல்லுக்கு ‘ஆஃப்’, உளிக்கு ‘வித்’. மாணாக்கன் தலையைப் பிய்த்துக் கொள்கிறான். ஆனால் பாண்டியன் கருத்தா, கல் முதற்கருவி, உளி துணைக்கருவி என்று நம் இலக்கணம் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது. அந்தப் பாடத்தைப் பொருளுணர்ந்து படித்த பிள்ளைக்கு இங்கிலீஷ் பாடத்தில் பாதி முடிந்துவிட்டது. வேற்றுமைகள் ஒன்றோடொன்று மயங்குவதைச் சொல்வதற்கென்றே ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஓர் இயலைத் தொல்காப்பியர் வைத்திருப்பதையும் இங்கே நினைத்துக் கொள்வது நல்லது.

இது வெறும் மதிப்பெண் விவகாரமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டோம். நம்மிடம் படித்த பெண் ஒருத்தி, கணக்கில் புலி. ஓர் உத்தியோகத்துக்காக நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தாள். ஐந்து வருஷமாக இந்த ஊரில் இருப்பதாகச் சொல்ல வந்தவள், ‘ஃபார்’ என்பதற்குப் பதிலாக ‘ஸின்ஸ்’ என்று சொல்லி விட்டாள். எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட கணக்குக் கேள்விகளுக்குக்கூட அவளுக்கு வாய் எழவில்லை. ஊருக்குத் திரும்பிய பின் மூன்று மாதம் இங்கிலீஷ் பத்திரிகையைக் கையால் தொடவில்லை.

நாம் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: “ஐந்து வருஷம் முதல் இங்கே இருக்கிறேன் என்று தமிழில் சொல்வாயா, அம்மா?” அவள் சிரித்துவிட்டாள். “அதெப்படி ஸார்? ஐந்து வருஷமாக, இல்லாவிட்டால் 2019 முதல்” என்றாள். கால அளவுக்கு ‘ஆக’. தொடங்கிய புள்ளிக்கு ‘முதல்’. ‘ஃபார்’, ‘ஸின்ஸ்’ இரண்டுக்கும் உள்ள பேதம் அவ்வளவுதான். தொட்டில் பருவத்திலிருந்து அவள் நாவில் இருந்த அறிவு அது. அது அறிவு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

‘பை’, ‘அன்டில்’ என்னும் இரட்டையரும் இப்படியே. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை வரை அருவியில் குளிக்கத் தடை. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லும் தமிழ்க் குழந்தை உண்டா?

இந்த வழி எல்லாக் கதவையும் திறந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. காரில் போனால் ‘இன்’, பஸ்ஸில் போனால் ‘ஆன்’ என்பது போன்றவை வழக்கைப் பற்றியவை. காதால் கேட்டும் கண்ணால் படித்தும்தான் படிய வேண்டும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. சாரல் வலுத்தால் நாம் ‘மழைக்கு’ ஒதுங்குகிறோம். மழையை விட்டு விலகுவதற்கு நான்காம் வேற்றுமை எப்படி வந்தது என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் என்ன விடை சொல்வோம்? அவர் ‘மழையிலிருந்து ஒதுங்கினேன்’ என்று சொன்னால் கேலி செய்வோமா? தமிழ் பேசுகிறாரே என்று பூரித்துப் போவோம். அந்தத் தாட்சண்யத்தில் கால் பங்கை நம் பிள்ளைகளுக்கும் காட்டலாகாதா?

தாய்மொழி வழியாகவே கல்வி புகட்ட வேண்டும் என்று வற்புறுத்தியவர், குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சி. அவர் சொன்னதில் இங்கிலீஷ் வாத்தியாருக்கும் ஆதாயம் உண்டு என்பது நம் அநுபவம்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். இன்று மாலை உங்கள் பிள்ளை புத்தகமும் கையுமாக வந்து, “‘இல்’லுக்கு இங்கிலீஷில் என்ன?” என்று கேட்டால், உடனே விடை சொல்லி விடாதீர்கள். “எந்த ‘இல்’? உள்ளேயா, மேலேயா, கீழேயா?” என்று திருப்பிக் கேளுங்கள். அவன் கொஞ்சம் யோசிப்பான். அந்த யோசனையிலே இரண்டு பாஷையும் வந்துவிடும்.