கேட்கிற விலை வேற... வித்த விலை வேற!

'விண்டேஜ் பேஸ் கிட்டார். ரேர் பீஸ். 45,000 ரூபாய். பேரம் பேசுறவங்க மெசேஜ் பண்ண வேண்டாம்!'

இப்படி ஒரு விளம்பரம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு உங்க மொபைல்ல வந்து நிக்குது. போட்டோவுல தகதகன்னு ஒரு பேஸ். கல்ச்சுரல்ஸுக்கு இன்னும் ஒரு மாசம்தான். உங்க பேண்டுல டிரம்ஸ் இருக்கு, கீபோர்டு இருக்கு, பாடறதுக்கு மட்டும் மூணு பேர் இருக்காங்க... பேஸ்தான் இல்லை. கை பரபரக்குதா? ஒரு நிமிஷம் பாஸ். அந்த 45,000ங்கிற நம்பர் எங்கேருந்து வந்தது?

பெரும்பாலும் பதில் ரொம்ப சிம்பிள். அதே மாதிரி ஒரு பேஸை இன்னொருத்தர் 48,000னு போட்டிருந்தார். இவர் மூவாயிரம் குறைச்சுப் போட்டுட்டார். சரி, அந்த 48,000 ஆசாமி? அவர் எட்டு மாசமா விக்காம உட்கார்ந்திருக்கார்!

பழைய கிட்டார் வாங்கப் போற எல்லாரும் முதல்ல மனசுல எழுதிக்க வேண்டிய விஷயம் இதுதான். விளம்பரத்துல இருக்கிறது ஒருத்தரோட ஆசை. வித்து முடிஞ்ச விலைதான் நிஜம்.

வித்த கதையைத் தேடுங்க

வித்த விலையை எங்கே பார்க்கிறது? 2013-ல் சிகாகோவில் ஆரம்பிச்ச 'ரிவெர்ப்', இசைக் கருவிகளை மட்டுமே விக்கிற ஆன்லைன் சந்தை. அங்கே நடந்து முடிஞ்ச விற்பனைகளை வெச்சு ஒவ்வொரு மாடலுக்கும் விலை வழிகாட்டி தர்றாங்க. 'ஈபே'யில வித்துப்போன பொருட்களை மட்டும் காட்டச் சொல்லித் தேடலாம். ரெண்டுமே இலவசம்.

ஒரே மாடல், ஒரே காலம், ஒரே நாட்டுல செஞ்சது... இப்படிப் பத்து விற்பனையை நோட்டுல எழுதுங்க. உச்ச விலை ஒண்ணு, அடிமட்ட விலை ஒண்ணு ரெண்டையும் அடிச்சுட்டு, மீதியில நடுவுல நிக்கிற நம்பரைப் பாருங்க. மேத்ஸ் பேப்பர்ல மட்டும் பார்த்த 'மீடியன்' முதல்முறையா உருப்படியா உதவும்!

'ஒரே நாடு'ன்னு ஏன் சொல்றேன்? ஃபெண்டர் கிட்டார் கலிஃபோர்னியாவின் கொரோனாவிலும் செய்யறாங்க, மெக்ஸிகோவின் என்ஸெனாடாவிலும் செய்யறாங்க. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விலையில ரொம்ப தூரத்துச் சொந்தம். நம்ம ஊர்லயும் ஒரு குழப்பம் உண்டு. ஹெட்ஸ்டாக்ல 'கிவ்ஸன்'னு இருந்தா அது கொல்கத்தா தயாரிப்பு. அமெரிக்க 'கிப்ஸன்' வேற. ஒரு எழுத்துல ஒண்ணேகால் லட்சம் போயிடும், ஜாக்கிரதை!

இன்னொண்ணு. டாலர் விலையை அப்படியே ரூபாயாப் பெருக்காதீங்க. அங்கேருந்து இங்கே வர கப்பல் கூலி, சுங்க வரி, ஜி.எஸ்.டி எல்லாம் மேலே ஏறும். அதே நேரம், இங்கே வாங்குற ஆள் கம்மி, அதனால விலை இறங்கவும் செய்யும். நான் பண்றது விகிதக் கணக்கு. அங்கே புதுசு 800 டாலர், பழசு 500 டாலருக்குப் போகுதுன்னு வெச்சுக்குவோம். அதாவது 62.5 சதவிகிதம். இங்கே அதே மாடல் புதுசு 80,000 ரூபாய்னா, பழசுக்கு 50,000 பக்கம் பேச ஆரம்பிக்கலாம். இது வெறும் ஆரம்பப் புள்ளிதான். முற்றுப்புள்ளி கிட்டாரை நேர்ல பார்த்த பிறகு.

பழசு எல்லாம் விண்டேஜ் இல்லை!

வயசாயிட்டா மரியாதை கூடும்கிறது மனுஷங்களுக்கு. கிட்டாருக்கு அது தானா நடக்காது.

கிப்ஸனோட 'லெஸ் பால்' மாடல் 1958-லேருந்து 1960 வரைக்கும் சன்பர்ஸ்ட் நிறத்துல வந்தது. செஞ்சதே ஆயிரத்து சொச்சம்தான். அப்போ சரியா விக்கலை, டிசைனையே மாத்திட்டாங்க. 1966-ல் ஜான் மயாலோட ஆல்பத்துல எரிக் கிளாப்டன் அந்தப் பழைய லெஸ் பாலை வாசிச்சார். அந்த சவுண்டைக் கேட்டவங்க எல்லாம் அதைத் தேடி அலைய ஆரம்பிச்சாங்க. 1968-ல் கிப்ஸனே லெஸ் பாலைத் திரும்ப எடுத்துட்டு வந்தது. இன்னிக்கு அந்த மூணு வருஷத்து கிட்டார்கள் லட்சக்கணக்கான டாலருக்குப் போகுது. விலையை ஏத்தினது மரத்தோட வயசு மட்டும் இல்லை. கம்மியா இருந்தது, நல்லா இருந்தது, நாலு பேர் தேடினாங்க. இந்த மூணும் சேரணும்.

ஃபெண்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். 1965 ஜனவரியில லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ் நிறுவனத்துக்கு வித்தார். அதுக்கு முன்னாடி செஞ்சதை 'ப்ரீ சி.பி.எஸ்'னு தனியாப் பிரிச்சு, தனி விலை வெச்சிருக்காங்க. அதே ஃபெண்டர் 1970-களில் செஞ்ச கிட்டாரை, தரம் குறைஞ்சுபோச்சுன்னு ரொம்ப வருஷம் யாரும் பெருசா மதிக்கலை. பேர் அதே பேர்தான். வருஷம் வேற, விலை வேற!

'இது ஒரு பெரிய இசையமைப்பாளர்கிட்ட வாசிச்சவரோட கிட்டார், தம்பி'ன்னும் சொல்வாங்க. இருக்கலாம். பிங்க் ஃப்ளாய்டு டேவிட் கில்மோரோட கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல நெக்கை மாத்தியிருக்காங்க, பிக்கப்பை மாத்தியிருக்காங்க. சாதாரண கிட்டாரா இருந்தா விலை பாதியா விழுந்திருக்கும். ஆனா, 2019 ஜூன்ல நியூயார்க் ஏலத்துல அது 39.75 லட்சம் டாலருக்குப் போச்சு. காரணம், அது யார் கையில இருந்ததுங்கிறதுக்கு ஊரறிஞ்ச சாட்சி இருந்தது. உங்ககிட்ட விக்கிறவர் கதை சொன்னா, சந்தோஷமா கேளுங்க. போட்டோவும் பேப்பரும் இல்லாத கதைக்குக் காசு மட்டும் கொடுக்காதீங்க.

வயசைச் சொல்லும் குமிழ்

வருஷத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல் சாட்சி சீரியல் நம்பர். மெக்ஸிகோ ஃபெண்டர்ல 'எம்.இஸட் 5'னு ஆரம்பிச்சா 2005-ஐச் சேர்ந்தது. கிப்ஸன்ல 1977-க்குப் பிறகு, 2005 வரைக்கும் பெரும்பாலும் எட்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தா வருஷம், நடுவுல இருக்கிற மூணு அந்த வருஷத்தோட எத்தனையாவது நாள்ங்கிறது. 90325512-ன்னா, 1995-ம் வருஷத்தோட 32-வது நாள். பிப்ரவரி 1. பர்த்டேவே கொண்டாடலாம்!

ஆனா, நம்பரை மட்டும் நம்பிடாதீங்க. பழைய ஃபெண்டர்ல நம்பர் இருக்கிறது நெக்கைப் பிடிக்கிற தகட்டுல. நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா தகடு வேற கிட்டாருக்குப் போயிடும்.

ரெண்டாவது சாட்சி, நம்ம எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல எல்லாரும் திருகி விளையாடுற பொட்டென்ஷியோமீட்டர்! பழைய அமெரிக்க கிட்டார்ல வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர் முதுகுல ஒரு கோடு எண் இருக்கும். 1377632-னு இருந்தா, 137 அதைச் செஞ்ச சி.டி.எஸ் கம்பெனி, 76 வருஷம், 32 வாரம். 1976-ல் பிறந்த பொட்டென்ஷியோமீட்டரோட நிக்கிற கிட்டாரை '1972 மாடல்'னு சொன்னா, ஒண்ணு பார்ட்ஸ் மாத்தியிருக்கு, இல்லைன்னா ஆள் கதை விடறார். ஆனா, இந்த சாட்சி ஒரு பக்கம்தான் பேசும். 1966-ல் ஃபெண்டர் மொத்தமா வாங்கிக் குவிச்ச சரக்கை அடுத்த சில வருஷங்கள் வரைக்கும் பயன்படுத்தினாங்க. அதனால கிட்டார், குமிழைவிட இளசா இருக்கலாம். மூத்ததா இருக்க முடியாது.

கழித்தல் கணக்கு

வருஷம் சரியா இருக்கா? இப்போ விலையைக் குறைக்க ஆரம்பிங்க. விண்டேஜ் கிட்டாருக்கு மறுபடி பெயின்ட் அடிச்சிருந்தா, ஏறக்குறைய பாதி விலைங்கிறதுதான் இந்தச் சந்தையோட வாய்க்கணக்கு. கிப்ஸன் மாதிரி பின்னால சாஞ்ச தலை உடைஞ்சு ஒட்டியிருந்தாலும் அதே கதை. 'பத்தாயிரத்துக்கு புது பிக்கப் போட்டேன்'னு சொன்னா, கூடப் பத்தாயிரம் கொடுக்கத் தேவையில்லை. பழைய பிக்கப் கையில இருக்கான்னு மட்டும் கேளுங்க. கிப்ஸன் ஹெட்ஸ்டாக்ல இருக்கிற சின்ன மூடியில ரெண்டு ஸ்க்ரூதான் இருக்கணும். மூணு இருந்தா போலியோன்னு சந்தேகப்படுங்க.

சென்னை மாதிரி கடற்கரை ஊர்னா கூடுதலா ஒரு செக்கிங். உப்புக் காத்துல ஃப்ரெட்டும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும். ஈரத்துல நெக் வளையும், அக்கூஸ்டிக்ல பிரிட்ஜ் மெதுவா மேலே எழும்பும். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டுலயும் கடைசி ஃப்ரெட்டுலயும் அழுத்திப் பிடிங்க. நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு இடைவெளின்னா கவலை இல்லை. ஏ.டி.எம் கார்டே தாராளமா போய் வந்தா, ரிப்பேர்காரர்கிட்ட கூலி கேட்டு, அதை விலையில கழிங்க.

இது வரைக்கும் நீங்க ஏமாறாம இருக்கிற வழி. இனிமே சொல்லப்போறது அடுத்தவங்க ஏமாறாம இருக்கிறது பத்தி.

பெரம்பூர்ல ஒரு மத்தியானம்

'கணவர் வாசித்த கிட்டார், 3,000 ரூபாய்'னு ஒரு விளம்பரம் பார்த்துட்டு, நானும் ரூம்மேட்டும் பெரம்பூர் போனோம். மெல்லிசைக் குழுவுல வாசிச்சவர், இறந்து ரெண்டு வருஷமாச்சு. பாட்டி காபி கொடுத்துட்டு, பரண்லேருந்து இறக்கி வெச்சிருந்த பெட்டியைத் திறந்தாங்க.

ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சேன். சிவப்பு லேபிள். யமஹா எஃப்.ஜி-180, ஜப்பான் தயாரிப்பு. 1966-ல் யமஹா முதன்முதலா இறக்கின ஃபோக் கிட்டார் வரிசையைச் சேர்ந்தது. அதோட தம்பி எஃப்.ஜி-150தான் 1969 வுட்ஸ்டாக் மேடையில கண்ட்ரி ஜோ மெக்டொனால்ட் கையில இருந்தது. பிரிட்ஜ் எழும்பியிருந்தது, ஒரு ட்யூனர் உடைஞ்சிருந்தது. ரிப்பேர் செலவைக் கழிச்சும் என் கணக்குல 15,000 வந்தது. எங்க பாக்கெட்ல இருந்தது 6,000.

ரூம்மேட் என் தொடையைக் கிள்ளினான். 'கொடுத்துட்டுக் கிளம்பு'ன்னு அர்த்தம்.

"பாட்டி, இது மூவாயிரம் ரூபாய் கிட்டார் இல்லை"ன்னு சொன்னேன். கணக்கையும் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசலை. "இந்த டப்பாவைக் கட்டிட்டு அழறீங்களேன்னு அவரை எத்தனை நாள் திட்டியிருக்கேன் தெரியுமாப்பா"ன்னாங்க. அப்புறம், "பையன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்"னு பெட்டியை மூடிட்டாங்க. போன் வரலை. அடுத்த நாள் விளம்பரமும் இல்லை.

திரும்பி வர்ற ரயில்ல ரூம்மேட் கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு. "விலை சொன்னது அவங்க. கொடுக்கத் தயாரா இருந்தது நாம. மார்க்கெட்ல கத்திரிக்கா வாங்கும்போது 'பாட்டி, விலையைக் கூட்டுங்க'ன்னு சொல்வியா?"

நல்ல கேள்விதான். கத்திரிக்கா விக்கிற பாட்டிக்கு அன்னிக்குக் காலையில கோயம்பேட்டுல என்ன விலைன்னு நம்மளைவிட நல்லாத் தெரியும். பெரம்பூர் பாட்டிக்குத் தெரியாது. தெரியாதுங்கிறது நமக்குத் தெரியும். தினமும் கிட்டார் விக்கிற கடைக்காரரா இருந்திருந்தா நானும் வாயை மூடிக்கிட்டு வாங்கியிருப்பேன். ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரிஞ்ச பிறகும் மனசு ஒப்பிக் கொடுத்து வாங்க முடிஞ்சா, அதுதான் நியாயமான விலைன்னு நினைக்கிறேன். ரூம்மேட் இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கலை. நீங்க யார் கட்சின்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி...

தனியாப் போகாதீங்க, நல்லா வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. எல்லாக் கம்பியையும் எல்லா ஃப்ரெட்டுலயும் வாசிச்சுப் பாருங்க. எலெக்ட்ரிக்கா இருந்தா ஆம்ப்ல செருகி, குமிழைத் திருகி, கரகரப்பு இருக்கான்னு கேளுங்க. கிட்டாரைப் பார்க்காம அட்வான்ஸ் அனுப்பாதீங்க. 'கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, உங்களுக்குப் பணம் வரும்'னு யாராவது சொன்னா உடனே கட் பண்ணுங்க. யு.பி.ஐ-யில பணம் வாங்க பின் நம்பரே தேவையில்லை.

பேரம் பேசும்போது குறை சொல்லிக் கடுப்பேத்தாம, உங்க கணக்கைக் காட்டுங்க. 'அண்ணா, இந்த மாடல் இந்த விலைக்குப் போயிருக்கு, ஃப்ரெட் வேலைக்கு இவ்வளவு ஆகும், அதனால இவ்வளவு தர்றேன்.' கோபப்படறவர் ரொம்பக் கம்மி. ஒத்துவரலைன்னா தேங்க்ஸ் சொல்லிட்டுக் கிளம்புங்க. 2020 லாக்டவுன் வருஷத்துல ஃபெண்டர் தன் சரித்திரத்துலயே அதிகமா வித்தது. ஆசைப்பட்டு வாங்கினவங்க எல்லாருமா வாசிச்சுக்கிட்டே இருக்கப் போறாங்க? இன்னொரு கிட்டார் கண்டிப்பா வரும்.

ஃபைனல் இயர் முடிஞ்சு ஹாஸ்டலைக் காலி பண்ணும்போது நீங்களும் ஒருநாள் விளம்பரம் போடுவீங்க. அன்னிக்கு உங்க கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்துல நிறுத்தி அழகா போட்டோ எடுங்க, தப்பே இல்லை. பின்பக்கம் இருக்கிற அந்த விரிசலையும் சேர்த்து எடுங்க!