நாய்க்குச் செய்வினை வைத்தவர் யார்?

நோய்களுள் சில உடலைத் தாக்குவதோடு நின்றுவிடுவதில்லை. நோயாளியின் பெயரையும் அவர் குடும்பத்தின் மானத்தையும் சேர்த்தே தாக்குகின்றன. வலிப்பு நோய் அத்தகையது. காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பற்றி அண்டை வீட்டாரிடம் தயங்காமல் பேசும் தாய், வலிப்புக் கண்ட பிள்ளையைப் பற்றி வாய் திறப்பதில்லை. யாரோ வைத்த செய்வினையோ, யாருடைய கண்ணேறோ, எந்தத் தலைமுறை செய்த பாவமோ என்று உள்ளுக்குள்ளேயே மருகிக்கொண்டிருக்கிறாள். பெண் பிள்ளையாக இருந்துவிட்டால் அந்த மௌனம் இன்னும் இறுகிவிடுகிறது. இந்த மௌனத்தை எங்கள் பங்கில் ஓரளவேனும் உடைத்தது என்னுடைய மறையுரை அன்று. பங்கு இல்லத்தில் வளர்ந்த ஒரு நாய் என்று சொன்னால் வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும்.

எங்களுடையது கடலோரத்துச் சிற்றூர். மாற்றலாகிச் சென்ற குருவானவர் விட்டுச் சென்ற சொத்துகளில் ஒன்றாக ஜிம்மி என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. செந்நிற நாட்டு நாய். அப்போது அதற்கு நான்கு வயது. திருப்பலி முடியும்வரை கோவில் வாசலுக்கு வெளியே படுத்திருந்து, பின்னர் மறைக்கல்விப் பிள்ளைகளோடு ஓடித் திரியும். நோய்நொடி என்று ஒரு நாளும் சுருண்டதில்லை.

ஓர் அக்டோபர் மாத மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்த ஜிம்மியின் நான்கு கால்களும் திடீரென விறைத்தன. தலை பின்னோக்கி வளைந்தது. அடுத்த கணம், கரையில் கிடந்தே நீந்துவதுபோலக் கால்கள் காற்றை உதைக்கத் தொடங்கின. தாடை படபடவென்று அடித்துக்கொண்டது, வாயில் நுரை தள்ளியது, சிறுநீர் பிரிந்தது. கண்கள் திறந்திருந்தும் அவற்றில் பார்வை இல்லை.

கூடிய கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "வெறி பிடிச்சிருச்சு சாமி, அடிச்சிருவோம்" என்று சில இளைஞர்கள் கம்பு தேடினர். "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு" என்றனர் மூதாட்டியர். கோவில்பிள்ளை மட்டும் யாரிடமும் கேளாமல் உள்ளே ஓடி, கோவிலின் பெரிய இரும்புச் சாவிக்கொத்தோடு வந்தார். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் அடங்கிவிடும் என்பது நம் ஊர்களில் வேரூன்றிய நம்பிக்கையல்லவா? அருகே வந்தவர் திகைத்து நின்றார். உதைத்துக்கொண்டிருந்த நான்கு கால்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கை எது சாமி?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் சிலர் சிரித்துவிட்டனர். அதற்குள் வலிப்பு தானாகவே அடங்கிவிட்டது. இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகியிராது. எழுந்த ஜிம்மி சுவரில் முட்டிக்கொண்டது; என்னையே அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தது; வளாகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. அரை மணி கழிந்து நீர் குடித்துவிட்டு வாலை ஆட்டியபோதுதான் அது திரும்பி வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் மருந்தைத் தொடுவதற்கு முன் கேள்விகளைத் தொடுத்தார். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட்டதா? எலி மருந்தோ பூச்சிமருந்தோ அதன் வாய்க்கு எட்டும் இடத்தில் இருந்ததா? குட்டியாயிருந்தபோது டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரிக் காய்ச்சல் கண்டதுண்டா? எத்தனை நிமிடம் நீடித்தது? முன்னும் பின்னும் எப்படி இருந்தது? இரத்தத்தில் சர்க்கரை, கால்சியம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதித்தார். எல்லாம் சீராக இருந்தன. அடுத்த ஐந்து வாரங்களில் மேலும் மூன்று முறை வலிப்பு வந்தபின்னர், இது காரணம் புலப்படாத வலிப்பு நோய் என்று முடிவு செய்தார். ஆறு மாதத்திற்கும் ஆறு வயதிற்கும் இடையில் முதன்முதலாகத் தலைகாட்டுவது இதன் இயல்பாம். மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்குறிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் கூச்சலிடுவதே வலிப்பு என்று அவர் விளக்கினார்.

வெறிநோய் அன்று என்பதையும் அவர் தெளிவாக்கினார். இந்த வலிப்பு சில நிமிடங்களில் ஓய்ந்து, நாய் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வெறிநோயின் அறிகுறி கண்ட நாயோ நாளுக்கு நாள் நலிந்து, பெரும்பாலும் பத்து நாள்களுக்குள் இறந்துபோகும். எனினும் தடுப்பூசி போடாத நாயோ தெரு நாயோ நுரை தள்ளினால் அதை நெருங்கலாகாது. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கம்பு எடுத்த இளைஞர்களின் அச்சம் பொருளற்றதன்று என்பதற்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

வலிப்பு வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டிலும் என்ன செய்யக்கூடாது என்பதையே அவர் நெடுநேரம் சொன்னார். அமுக்கிப் பிடிக்கக்கூடாது. வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடக்கூடாது; நாக்கை விழுங்கிவிடும் என்பது கட்டுக்கதை, கை கடிபடும் என்பதே உண்மை. அந்த நேரத்தில் தண்ணீர் புகட்டக்கூடாது. படியோரத்திலிருந்து விலக்கி, இடித்துக்கொள்ளும் பொருள்களை அகற்றி, விளக்கையும் ஓசையையும் தணித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு தொடர்ந்தாலோ, ஒரே நாளில் பலமுறை வந்தாலோ, அது உயிருக்கே ஆபத்து. நாள், நேரம், நீடித்த அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும்.

எழுதிக் கொடுத்த மருந்து பீனோபார்பிட்டால். 1912இல் ஜெர்மனியில் ஆல்பிரட் ஹவுப்ட்மன் என்னும் மருத்துவர், உறக்கத்திற்காகக் கொடுக்கப்பட்ட இம்மருந்து வலிப்பையும் குறைக்கக் கண்டார். நூறாண்டுகளுக்கும் மேலாக அது மனிதருக்கும் விலங்குக்கும் பயன்பட்டு வருகிறது. இரத்தத்தில் அதன் அளவு நிலைபெற ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். பன்னிரண்டு மணி நேர இடைவெளி பிசகாமல் கொடுக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். எங்களுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மூவேளைச் செப மணி ஒலிக்கிறதே! மணிக்கயிற்றை விட்டதும் கோவில்பிள்ளை மாத்திரையை ஒரு துண்டு இட்லிக்குள் பொதிந்து கொடுப்பார். சில வாரங்களில் ஜிம்மி மணியோசை கேட்டதும் தானாக வந்து அவர் முன் உட்காரத் தொடங்கியது. நண்பகல் மணிக்கும் வந்து ஏமாந்து திரும்புவதுண்டு.

தொடக்கத்தில் மருந்தின் மயக்கத்தால் பின்னங்கால்கள் தள்ளாடின. பசியும் தாகமும் மிகுந்தன. பிள்ளைகளின் சிற்றுண்டியைப் பறிக்காத நாய், இப்போது பறித்தது. அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். ஆனால் அடுத்த பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு வந்த வலிப்பு ஐந்து நிமிடங்களைக் கடந்தது. அவசரத்திற்கென்று மருத்துவர் முன்பே தந்து, பயன்படுத்தும் முறையையும் கற்பித்திருந்த டயஸிபாம் மருந்தைச் செலுத்திவிட்டு, கடிகார முள்ளைப் பார்த்தவாறு தரையில் உட்கார்ந்திருந்தேன். இறக்கும் தறுவாயில் உள்ள பலரின் அருகில் அமர்ந்திருக்கிறேன். அங்கெல்லாம் சொல்வதற்கு எனக்குச் செபங்கள் உண்டு, பூசுவதற்கு எண்ணெய் உண்டு. இங்கே நான் செய்யக்கூடியது அதன் தலை தரையில் மோதாமல் ஒரு சாக்கை மடித்து வைப்பது மட்டுமே. எட்டாவது நிமிடம் உடல் தளர்ந்தது. விடியுமுன் காரில் கிடத்தி மருத்துவரிடம் சேர்த்தோம். மருந்தின் அளவு உயர்த்தப்பட்டது. ஜிம்மி பிழைத்தது.

இந்நிகழ்ச்சிக்குச் சில நாள்களுக்குப் பிறகு, பிள்ளையை மறைக்கல்விக்கு விட வந்த ஒரு தாய் பங்கு இல்லத் திண்ணையில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பதினான்கு வயது மகள் மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் படித்துவிட்டு, "அம்மா, இது என் மாத்திரை" என்றாள். தாய் அவள் வாயைப் பொத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே அழத் தொடங்கினார். (அவ்விருவரின் இசைவோடுதான் இதனை எழுதுகிறேன்.)

மூன்றாண்டுகளாக அந்தப் பிள்ளைக்கு வலிப்பு. மந்திரித்த கயிறுகள் கட்டியாயிற்று. பேய் விரட்டுபவரிடம் கொண்டுபோய் அடியும் வாங்கித் தந்தாயிற்று. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆனால் உறவினர் வீட்டுக்கு வரும் நாள்களில், அவர்கள் கண்ணில் பட்டுவிடுமென்று அட்டையை ஒளித்துவைத்துவிடுவார்களாம். அந்நாள்களில் மாத்திரை இல்லை. "நாளைக்கு யார் சாமி இவளைக் கட்டுவாங்க?" என்றார் அந்தத் தாய். மகளோ எங்கள் பேச்சைக் கவனிக்காமல் ஜிம்மியின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னிடம் கேட்டாள்: "சாமி, இந்த நாய்க்குச் செய்வினை வச்சது யாரு?"

இறையியல் கல்லூரியில் எத்தனையோ வினாக்களை எதிர்கொண்டவன் நான். இத்துணை நேரான வினாவைக் கேட்டதில்லை. நாய்க்கு யார் செய்வினை வைப்பார்? நாய் எந்தப் பாவத்தைச் செய்தது? அதன் பாட்டனார் யாரை வஞ்சித்தார்? எவருமே வைக்கவில்லை என்றால், அதே நோய், அதே மாத்திரை, தனக்கு மட்டும் யார் வைத்திருக்க முடியும்? இந்த விடையை அவளே கண்டுகொண்டுதான் வினவினாள் என்று நினைக்கிறேன்.

ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வலிப்பைத் 'திருநோய்' என்று அழைத்தனர். தெய்வங்கள் அனுப்புவதாக எண்ணினர். இப்போக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் ஒரு மருத்துவ நூல் அதனை மறுத்து, இது மூளையிலிருந்து எழும் நோய் என்று வாதிடுகிறது. அதற்கு அந்நூல் காட்டும் சான்றுகளில் ஒன்று ஆடு. இந்நோய் கண்ட ஆட்டின் தலையைத் திறந்து பாருங்கள், கோளாறு மூளையில் இருப்பதைக் காண்பீர்கள் என்கிறது. அன்று மருத்துவர் ஆட்டைக் கொண்டு சொன்னதையே எங்கள் ஊரில் ஒரு சிறுமி நாயைக் கொண்டு சொன்னாள்.

கற்றவர்களும் இவ்வுண்மைக்கு எளிதில் வந்து சேரவில்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, வலிப்பு நோயினரை மனநோயினரோடும் பேய் பிடித்தவரோடும் ஒரே வரியில் நிறுத்திக் குருத்துவத்திற்குத் தடை சொன்னது. 1983இல் வெளிவந்த தொகுப்பில் வலிப்பின் பெயர் இல்லை. நம் நாட்டின் இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் தடையாக நின்ற அச்சொல் 1999இல் நீக்கப்பட்டது. ஏடுகளிலிருந்து அகன்றுவிட்டது, வீடுகளிலிருந்து அகலவில்லை.

தீயிலும் நீரிலும் விழும் மகனை ஒரு தகப்பன் இயேசுவிடம் கொண்டுவந்ததை மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் படிக்கிறோம். அந்நிகழ்ச்சியைப் பேய் ஓட்டும் அதிகாரத்தின் சான்றாகவே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இப்போது அதில் வேறொன்று என் கண்ணில் படுகிறது. பையன் தரையில் விழுந்து புரண்டுகொண்டிருக்கும்போது, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று இயேசு தகப்பனிடம் கேட்கிறார். யாருடைய பாவம் என்று கேட்கவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் மருத்துவர் எழுதச் சொல்லும் வினாவும் அதுவே.

அந்தத் தாயையும் மகளையும் மீண்டும் அரசு மருத்துவமனை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். மருந்து ஒன்றாயினும் மனிதருக்கும் நாய்க்கும் அளவு வேறு. ஒருவருடையதை மற்றவருக்குக் கொடுக்கலாகாது என்பதையும் சொன்னேன். அவளுக்கென்று ஒரு நோட்டு வாங்கிக்கொடுத்தோம். அவளும் ஆறு மணிக்கு மணியடிக்கும்போதே மாத்திரை போட்டுக்கொள்கிறாள். அடுத்து வந்த அன்னையர் கூட்டத்தில், வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டில் ஒருக்களித்துக் கிடத்துவது எப்படி என்று ஒரு செவிலியரைக் கொண்டு செய்துகாட்டச் செய்தேன். ஐயம் கேட்கலாம் என்றதும் பின்வரிசையில் அந்தத் தாய் எழுந்தார். "என் மகளுக்கு இது இருக்கு. உங்க வீட்டுப் பக்கம் அவளுக்கு வந்தா, சாவியைத் தேடாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க" என்றார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் இன்னொரு தாய் எழுந்து, தம் மகனைப் பற்றிச் சொன்னார்.

ஜிம்மிக்கு முழுக்குணம் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்கொரு முறை வலிப்பு வருகிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் ஓய்கிறது. கோவில்பிள்ளை சாவிக்கொத்தை இடுப்பிலேயே விட்டுவிட்டு, அருகில் சாக்கை விரித்து அமர்கிறார். உங்கள் தெருவிலும் இந்நோயை ஒளித்துவைத்திருக்கும் வீடு ஒன்று இருக்கக்கூடும். அவ்வீட்டாரைக் காணும்போது காரணம் தேடாதீர்கள். எவ்வளவு காலமாக என்று மட்டும் அன்போடு கேளுங்கள். மற்றதை அவர்களே சொல்வார்கள்.